புராஸ்டேட் பயாப்சி: கிருமித்தொற்றையும் வலியையும் முன்கூட்டியே தடுப்பது எப்படி?

வாசகர் கேள்விகளுக்கு யூராலஜி மருத்துவரின் பதில்கள்

புராஸ்டேட் சுரப்பியில் பயாப்சி (புற்றுநோய் இருக்கிறதா என்று அறிய ஊசியால் திசுத் துண்டுகளை எடுக்கும் சோதனை) எடுத்துக்கொள்ளுமாறு அறிவுறுத்தப்பட்டவர்களும் அவர்களுடைய வீட்டாரும் எழுதிய கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பெரும்பாலான கடிதங்களில் இரண்டே அச்சங்கள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன: சோதனைக்குப் பிறகு வரும் காய்ச்சல், சோதனையின்போது வரும் வலி. இரண்டையும் பெருமளவு தடுக்க முடியும். ஆனால் தடுப்பதற்கான ஏற்பாடுகளில் பெரும்பகுதி சோதனை நாளுக்கு முன்பே செய்யப்பட வேண்டியவை.

கேள்வி: என் தந்தைக்கு வயது 69. சர்க்கரை நோய் 15 ஆண்டுகளாக இருக்கிறது. பி.எஸ்.ஏ. (புராஸ்டேட்டில் கோளாறு இருக்கலாம் என்பதைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) அளவு 11 என்று வந்ததால், ஆசனவாய் வழியாகப் பயாப்சி எடுக்க நாள் குறித்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒருவர் இதே சோதனை முடிந்த மறுநாளே குளிர்காய்ச்சல் கண்டு தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டார். அதைப் பார்த்த பிறகு அப்பா வர மறுக்கிறார். மலம் வெளியேறும் வழியாக ஊசி செலுத்தினால் கிருமி பரவத்தானே செய்யும்? அதைத் தடுக்க வழி உண்டா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் தந்தையின் அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறது, ஆனால் அதற்காகச் சோதனையையே கைவிட வேண்டியதில்லை. புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலை ஒட்டி அதன் முன்பக்கமாக அமைந்திருக்கிறது. இவ்வளவு அருகில் இருப்பதால்தான் ஆசனவாய் வழியாக அல்ட்ராசவுண்ட் கருவியைச் செலுத்தி, திரையில் சுரப்பியைப் பார்த்தபடியே, மலக்குடலின் சுவரைத் துளைத்து மெல்லிய ஊசியால் திசுத் துண்டுகளை எடுக்கிறார்கள். வழக்கமாக 10 முதல் 12 துண்டுகள் எடுக்கப்படும். ஒவ்வொரு முறை ஊசி நுழையும்போதும் மலக்குடலில் இயல்பாகவே வாழும் ஈ-கோலி போன்ற பாக்டீரியாக்கள் சுரப்பிக்குள்ளும் இரத்தத்துக்குள்ளும் செல்ல வாய்ப்பு ஏற்படுகிறது. பெரும்பாலானவர்களுக்கு உடலின் எதிர்ப்பாற்றலும் முன்கூட்டிக் கொடுக்கப்படும் ஆன்டிபயாடிக் மருந்தும் அவற்றை அழித்துவிடுகின்றன; அழிக்க முடியாமல் போகும்போதுதான் காய்ச்சலும், சிலருக்குச் செப்சிஸ் எனப்படும் இரத்தத் தொற்றும் வருகின்றன.

முன்பெல்லாம் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை கொடுத்தாலே போதுமானதாக இருந்தது. அந்த மருந்துக்கு அடங்காத ஈ-கோலி பெருகியதால் நிலைமை மாறிவிட்டது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 75,000-க்கும் மேற்பட்ட ஆண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஆய்வு ஒன்று இந்த மாற்றத்தைத் தெளிவாகக் காட்டியது. பயாப்சியில் புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்தவர்களிடையே, 30 நாட்களுக்குள் மருத்துவமனையில் சேர நேர்ந்தவர்கள் 1996-இல் 1 சதவீதமாக இருந்தார்கள். 2005-இல் அது 4.1 சதவீதமாகியிருந்தது. சேர்க்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் தொற்றுக்காகவே சேர்க்கப்பட்டவர்கள். சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கும் பழக்கம் நிலவும் நம் நாட்டில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. எனவே, எல்லோருக்கும் ஒரே மாத்திரை என்ற பழைய வழக்கத்தைத் தொடர்வது சரியல்ல என்பதே என் உறுதியான கருத்து.

உங்கள் தந்தையைப் பொறுத்தவரை, மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்ல வேண்டிய செய்திகள் சில உண்டு. சர்க்கரை நோய் இருப்பது முதலாவது. கடந்த ஆறு மாதங்களுக்குள் எந்தக் காரணத்துக்காகவாவது ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் அதன் பெயரையோ, அட்டையையோ, பழைய மருந்துச் சீட்டையோ கொண்டுபோய்க் காட்டுங்கள். அண்மையில் மருத்துவமனையில் தங்கியிருந்ததும், சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டிருந்ததும், முன்பு எப்போதாவது சிறுநீர்த் தொற்று வந்ததும், ஏதேனும் மருந்து ஒவ்வாமல் போனதும் இதே அளவுக்கு முக்கியமானவை. இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும், உடலுக்குள் மருந்துக்கு அடங்காத கிருமி குடியிருக்கும் வாய்ப்பு கூடுதல் என்றோ, தொற்று வந்தால் கடுமையாகும் என்றோ மருத்துவர் கணித்து, கொடுக்க வேண்டிய மருந்தை மாற்றுவார்.

அடுத்தது சிறுநீர்ப் பரிசோதனையும் கல்ச்சரும் (மாதிரியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை). சிறுநீரில் தொற்று இருக்கும்போது பயாப்சி எடுக்கக் கூடாது. முதலில் அதைக் குணப்படுத்த வேண்டும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. சிறுநீர்த் தொற்றும் புராஸ்டேட் அழற்சியும் பி.எஸ்.ஏ. அளவைத் தாமாகவே உயர்த்தக்கூடியவை. தொற்று நீங்கிச் சில வாரங்கள் கழித்து மீண்டும் பார்க்கும்போது அளவு இறங்கியிருந்தால், சிலருக்குப் பயாப்சியே தேவைப்படாமல் போகலாம்.

கூடுதல் ஆபத்து உள்ளவர்களுக்கு மலக்குடலிலிருந்து பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, அங்குள்ள கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்று முன்கூட்டியே கல்ச்சர் செய்து பார்ப்பது நல்ல முறை. முடிவு வரச் சில நாட்கள் ஆகும் என்பதால் சோதனைக்கு ஒரு வாரம் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். உங்கள் தந்தைக்கு இதைச் செய்ய முடியுமா என்று கட்டாயம் கேளுங்கள்.

சோதனை நாளில் செய்யப்பட வேண்டியவற்றுள் மிக எளியதும் மலிவானதும் மலக்குடலைப் பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினிக் கரைசலால் சுத்தம் செய்வது. இது தொற்றைக் கணிசமாகக் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளில் உறுதிப்பட்டிருப்பதால், ஐரோப்பிய யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதல் இதை வலுவாகப் பரிந்துரைக்கிறது. அயோடின் ஒவ்வாதவர்கள் மட்டும் அதை முன்பே சொல்லிவிட வேண்டும். எனிமா (மலத்தை வெளியேற்றக் குடலுக்குள் செலுத்தும் திரவம்) மட்டும் கொடுப்பதால் தொற்று குறையும் என்பதற்கு அவ்வளவு வலுவான சான்று கிடையாது. அதை அயோடினுக்கு மாற்றாகக் கருத வேண்டாம்.

மருந்தைப் பொறுத்தவரை, சிப்ரோஃப்ளாக்சசின் வகையைச் சேர்ந்த மருந்துகள் தசைநாண் கிழிதல் உள்ளிட்ட பக்கவிளைவுகளை ஏற்படுத்தக்கூடும் என்பதால், 2019-இல் ஐரோப்பிய ஆணையம் அவற்றின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. அதன்பின் ஐரோப்பிய மருத்துவர்கள் ஃபாஸ்போமைசின், செஃபலோஸ்போரின், அமினோகிளைகோசைடு போன்ற மாற்று மருந்துகளை நாடினார்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளால் இரத்தச் சர்க்கரை திடீரென இறங்கவோ ஏறவோ கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். எந்த மருந்து என்பதை உங்கள் ஊரில் காணப்படும் கிருமிகளின் எதிர்ப்புத்தன்மையை அறிந்த மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். எதைக் கொடுத்தாலும், ஊசி நுழையும் நேரத்தில் மருந்து இரத்தத்திலும் திசுவிலும் போதிய அளவில் இருக்க வேண்டும். ஆகவே சொன்ன நேரத்தில் சாப்பிடுவது மிக முக்கியம். சோதனை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு முதல் மாத்திரையை விழுங்குவதால் பயனில்லை. அதேபோல, எச்சரிக்கை என்ற பெயரில் ஒரு வாரம், பத்து நாள் என்று மருந்தை நீட்டுவதாலும் கூடுதல் பாதுகாப்பு கிடைப்பதில்லை.

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன், வயது 63. இங்குள்ள மருத்துவமனையில் எனக்கு ஆசனவாய் வழியாக அன்றி, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தோல் வழியாகப் பயாப்சி எடுக்கப்போவதாகச் சொல்கிறார்கள். ஆன்டிபயாடிக் தேவைப்படாமலும் போகலாம் என்கிறார்கள். இரண்டு மாதங்களுக்கு முன் யாழ்ப்பாணத்துக்கும் திருச்சிக்கும் போய் வந்தேன் என்றதும் அதைக் குறித்துக்கொண்டார்கள். மருந்தே இல்லாமல் எடுப்பது பாதுகாப்பானதா? பயணத்தைப் பற்றி ஏன் கேட்டார்கள்?
– வாசகர், லண்டன்

பதில்: தோல் வழியாக எடுக்கும் முறையில் ஊசி மலக்குடலுக்குள் நுழைவதே இல்லை. கிருமிநாசினியால் நன்றாகத் துடைக்கப்பட்ட தோலைக் கடந்து நேராகச் சுரப்பிக்குள் செல்கிறது. அல்ட்ராசவுண்ட் கருவி மட்டும் படம் காட்டுவதற்காக ஆசனவாய்க்குள் இருக்கும். மலக்குடல் கிருமிகள் இரத்தத்தில் கலக்கும் வழி இவ்வாறு அடைபட்டுவிடுவதால், பலருக்கு ஆன்டிபயாடிக் இல்லாமலேயே இதைச் செய்ய முடிகிறது. அமெரிக்காவில் 658 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2024-இல் வெளியான ஆய்வில், தோல் வழியாக ஆன்டிபயாடிக் இன்றி எடுக்கப்பட்டவர்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. மலக்குடல் கல்ச்சர் பார்த்துத் தேர்ந்தெடுத்த மருந்தைக் கொடுத்து ஆசனவாய் வழியாக எடுக்கப்பட்டவர்களில் நால்வருக்கு வந்தது. இந்த வேறுபாடு தற்செயலானதாகவும் இருக்கலாம் என்று சொல்லத்தக்க அளவுக்குச் சிறியது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது குழுவிலும் தொற்று இவ்வளவு குறைவாக இருந்ததற்கு, முதல் பதிலில் சொன்ன கல்ச்சர் முறையே காரணம் என்று நான் கருதுகிறேன்.

உங்கள் பிரிட்டனிலேயே 1,126 பேரைக் கொண்டு நடந்து 2025-இல் வெளியான ‘டிரான்ஸ்லேட்’ ஆய்வில், தொற்றால் 35 நாட்களுக்குள் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் தோல் வழிக் குழுவில் இருவர், ஆசனவாய் வழிக் குழுவில் ஒன்பது பேர். சிகிச்சை தேவைப்படும் வகைப் புற்றுநோயைக் கண்டுபிடிப்பதிலும் தோல் வழி முறை சற்றே முந்தியிருந்தது: தோல் வழியில் 60 சதவீதம், ஆசனவாய் வழியில் 54 சதவீதம். ஆனால் சோதனை நேரத்தில் வலியும் கூச்சமும் இருந்ததாகச் சொன்னவர்கள் தோல் வழிக் குழுவில்தான் அதிகம். ஆகவே, உங்களுக்குத் தொற்றைவிட வலிக்கான ஏற்பாட்டைப் பற்றித்தான் கூடுதலாகப் பேச வேண்டியிருக்கும். அடுத்த பதிலைப் படியுங்கள்.

பயணத்தைப் பற்றிக் கேட்டது முறையான கேள்விதான். தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் சில வாரங்கள் தங்கித் திரும்புகிறவர்களின் குடலில், பல மருந்துகளுக்கு அடங்காத ஈ-கோலி சில மாதங்கள்வரை குடியிருக்கக்கூடும். நோய் எதையும் ஏற்படுத்தாமல் அது அமைதியாக இருக்கும். பயாப்சி ஊசியோடு சேர்ந்து உள்ளே போனால்தான் ஆபத்து. தோல் வழி முறையில் அந்த ஆபத்து மிகக் குறைவு என்றாலும், உங்களுக்குச் சர்க்கரை நோயோ, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தோ, சிறுநீர்க் குழாயோ இருந்தால் அவர்கள் ஒரு வேளை மருந்து கொடுக்கத் தீர்மானிக்கலாம். ஊரில் இருந்தபோது ஏதேனும் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான், வயது 66. நான்கு ஆண்டுகளுக்கு முன் பயாப்சி எடுத்தபோது ஜெல் மட்டும் தடவினார்கள். ஒவ்வொரு முறை ஊசி பாய்ந்தபோதும் துடித்துப்போனேன். ‘கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், முடிந்துவிட்டது’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது பி.எஸ்.ஏ. மீண்டும் ஏறியிருப்பதால் இன்னொரு முறை எடுக்க வேண்டும் என்கிறார்கள். நினைத்தாலே உடல் நடுங்குகிறது. வலியில்லாமல் எடுக்கவே முடியாதா?
– வாசகர், மதுரை

பதில்: நீங்கள் பட்ட வலி படத் தேவையில்லாத வலி. வயதில் பெரியவர், பொறுத்துக்கொள்வார் என்ற எண்ணத்தில் மரத்துப்போகும் ஊசியைத் தவிர்ப்பதை எந்தக் காரணத்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை. புராஸ்டேட்டைச் சுற்றியுள்ள நரம்புகளின் அருகே, அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்தபடி லிக்னோகெய்ன் மருந்தைச் செலுத்தினால் வலி வெகுவாகக் குறையும் என்பது 1996-லேயே மருத்துவ இதழில் வெளியாகி, அதன்பின் எத்தனையோ ஆய்வுகளில் உறுதிப்பட்ட உண்மை. விந்துப்பையும் புராஸ்டேட்டின் மேற்பகுதியும் சந்திக்கும் இடத்தில் பக்கத்துக்கு 5 மில்லியாக, 1 சதவீத லிக்னோகெய்ன் 10 மில்லி செலுத்துவது பரவலான வழக்கம். ஜெல் மட்டும் தடவுவது இதற்கு ஈடாகாது.

ஜெல்லுக்கு வேறொரு பயன் இருக்கிறது. இந்தச் சோதனையில் வலி ஓரிடத்திலிருந்து மட்டும் வருவதில்லை. கருவி உள்ளே நுழையும்போது ஆசனவாய்த் தசை விரிவதால் வருவது முதல் வலி. அங்குள்ள தோல் மிகுந்த உணர்ச்சி உடையது. மரத்துப்போகும் ஜெல்லைத் தடவிச் சில நிமிடங்கள் காத்திருந்து, கருவியை மெதுவாக நுழைத்தால் அது தணியும். மலக்குடலின் மேற்பகுதிச் சுவரில் ஊசிக் குத்தின் கூர்மை அவ்வளவாகத் தெரியாது. சுரப்பியின் உறையையும் திசுவையும் ஊசி துளைக்கும்போது வருவது இரண்டாவது வலி. அதற்கு நரம்பைச் சுற்றிய மரப்பு ஊசியே மருந்து. சுரப்பியின் கீழ்முனையிலிருந்து துண்டு எடுக்கும்போது வலி கூடுதலாக இருக்கும் என்பதால், சில மருத்துவர்கள் அங்கும் தனியாக மருந்து செலுத்துவார்கள். ஆக, ஜெல்லும் ஊசியும் சேர்ந்து பயன்படும்போதுதான் முழுப் பலன் கிடைக்கிறது. மருந்து செலுத்திய உடனேயே திசு எடுக்கத் தொடங்காமல் சில நிமிடங்கள் காத்திருப்பதும் அவசியம். நெரிசலான மருத்துவமனைகளில் கைவிடப்படுவது பெரும்பாலும் இந்தக் காத்திருப்புதான்.

தோல் வழியாக எடுப்பதாக இருந்தால், முதலில் அந்தத் தோலையும் அதன் கீழுள்ள தசையையும் மரத்துப்போகச் செய்து, பிறகு ஆழத்தில் புராஸ்டேட்டைச் சுற்றியும் மருந்து செலுத்த வேண்டும். தோலில் மருந்து இறங்கும்போது எரிச்சல் இருக்கும். லிக்னோகெய்னோடு சிறிதளவு சோடியம் பைகார்பனேட் கலந்து, மெல்லிய ஊசியால் நிதானமாகச் செலுத்தினால் எரிச்சல் குறைகிறது. முன்பு லிக்னோகெய்ன் ஒவ்வாமல் போயிருந்தாலோ, இதயத் துடிப்பில் கோளாறு இருந்தாலோ முன்கூட்டியே சொல்லுங்கள். மருந்து செலுத்தியதும் வாயைச் சுற்றி மதமதப்போ, காதில் இரைச்சலோ, தலைசுற்றலோ தெரிந்தால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்; மருந்து இரத்தக் குழாய்க்குள் போயிருப்பதன் அறிகுறியாக அது இருக்கலாம்.

மூலம், ஆசனவாய் வெடிப்பு போன்றவை இருப்பவர்களுக்குக் கருவி நுழைவதே தாங்க முடியாத வேதனையாகிவிடும். உங்களைப் போல முந்தைய அனுபவத்தால் அஞ்சுகிறவர்களுக்கும், அதிகமான துண்டுகள் எடுக்க வேண்டியிருப்பவர்களுக்கும், மயக்க மருந்து நிபுணரின் கண்காணிப்பில் இலேசான மயக்கமோ, முழு மயக்கமோ கொடுத்துச் செய்யலாம். அதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. போன முறை என்ன நடந்தது என்பதை இந்தக் கடிதத்தில் எழுதியது போலவே மருத்துவரிடம் சொல்லி, ‘இந்த முறை எந்த வகை மரப்பு மருந்து கொடுப்பீர்கள்?’ என்று நேராகவே கேளுங்கள். ஜெல் மட்டும்தான் என்று பதில் வந்தால், வேறு மருத்துவமனையை நாடுவதற்கு உங்களுக்கு முழு நியாயம் உண்டு.

கேள்வி: இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறேன். பயாப்சிக்கு முன் இரண்டையும் நிறுத்திவிடலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். குறைந்த அளவு ஆஸ்பிரினைத் தொடர்ந்தபடியே பெரும்பாலும் பயாப்சி எடுத்துவிடலாம். இரத்தக் கசிவு சற்று நீடிக்கலாமே தவிரப் பெரும் ஆபத்து இல்லை. குளோபிடோக்ரெல், வார்ஃபரின் மற்றும் புதிய வகை இரத்த உறைவுத் தடுப்பு மருந்துகளை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது, நிறுத்தலாமா என்பதையே உங்கள் இதய மருத்துவரும் யூராலஜி மருத்துவரும் கலந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஸ்டென்ட் வைத்து அதிக காலம் ஆகாதவர்களுக்குப் பயாப்சியைத் தள்ளிவைப்பதே பாதுகாப்பாக இருக்கக்கூடும்.

கேள்வி: எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் ஊசி குத்தாமலேயே முடிவு தெரிந்துவிடும் என்கிறார்களே? ஊசி பட்டால் புற்று பரவும் என்பதும் உண்மையா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: எம்.ஆர்.ஐ. மட்டும் புற்றுநோயை உறுதிப்படுத்தாது. ஆனால் யாருக்கு ஊசி தேவை, எங்கே குத்த வேண்டும் என்பதைச் சொல்லும். 500 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ‘பிரசிஷன்’ ஆய்வில், முதலில் எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்டவர்களில் 28 சதவீதத்தினருக்குப் பயாப்சியே தேவைப்படவில்லை. எடுக்கப்பட்டவர்களுக்கும் சந்தேகத்துக்குரிய இடத்தை மட்டும் குறிவைத்ததால் துண்டுகளின் எண்ணிக்கை குறைந்தது. அப்படியிருந்தும் சிகிச்சை தேவைப்படும் புற்றுநோய் கூடுதலானவர்களிடம் கண்டுபிடிக்கப்பட்டது. குத்தாத ஊசியால் வலியும் இல்லை, தொற்றும் இல்லை என்பதால், வசதியுள்ள இடங்களில் எம்.ஆர்.ஐ.யை முதலில் எடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். ஊசி சென்ற பாதையில் புற்றுச் செல்கள் ஒட்டி வளர்வது மருத்துவ உலகில் மிக அரிதாகவே பதிவாகியிருக்கிறது. அந்த அச்சத்தால் சோதனையைத் தள்ளிப்போட்டு, நோய் எலும்புக்குப் பரவிய நிலையில் வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் மனம் வருந்துகிறது.

கேள்வி: என் கணவருக்கு அடுத்த வாரம் பயாப்சி. எங்கள் ஊரிலிருந்து அந்த மருத்துவமனைக்கு மூன்று மணிநேரப் பயணம். வீட்டுக்கு வந்த பிறகு எதை இயல்பு என்று எடுத்துக்கொள்வது, எதற்கு அஞ்சுவது?
– வாசகி, தென்காசி

பதில்: சிறுநீரில் சில நாட்களுக்கு இளஞ்சிவப்பாக இரத்தம் கலந்து வருவதும், ஆசனவாய் வழியாக எடுத்திருந்தால் ஓரிரு நாட்களுக்கு மலத்தில் இலேசாக இரத்தம் தெரிவதும் இயல்பு. விந்துவில் பல வாரங்களுக்குச் செம்மையோ பழுப்போ கலந்து வரலாம். இதை முன்கூட்டிச் சொல்லாததால் கலங்கிப்போகிறவர்கள் பலர். மந்தமான வலிக்குப் பாரசிட்டமால் போதும். இதயநோயோ சிறுநீரக நோயோ இல்லையென்றால் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம்.

அஞ்ச வேண்டியவை மூன்று. சிறுநீர் அடியோடு நின்றுபோவது. கட்டி கட்டியாகவோ நிற்காமலோ இரத்தம் போவது. எல்லாவற்றுக்கும் மேலாக, காய்ச்சலும் குளிர் நடுக்கமும். உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலோ, வெப்பம் ஏறாமலேயே உடல் தூக்கிப்போடுவது போல நடுங்கினாலோ, பேச்சில் தடுமாற்றமோ மூச்சிரைப்போ தெரிந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இது பெரும்பாலும் முதல் மூன்று நாட்களுக்குள் தெரியவரும் என்றாலும், ஒரு வாரம்வரை கவனமாக இருங்கள். பாரசிட்டமால் காய்ச்சலை இறக்கிக் காட்டும். இரத்தத்தில் பெருகும் கிருமியை அது தொடாது. வீட்டில் மீதமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையையும் கொடுக்க வேண்டாம். பயாப்சிக்கு முன் கொடுத்த மருந்துக்கு அடங்காத கிருமிதான் இந்தக் காய்ச்சலுக்குக் காரணமாக இருக்கும் என்பதால், அதே மாத்திரையை மறுபடி கொடுப்பதில் பொழுதுதான் வீணாகும். அங்கே தேவைப்படுவது இரத்தக் குழாய் வழியாகச் செலுத்தப்படும் வேறு வகை மருந்து. அதைத் தொடங்கும் முன் இரத்தத்தையும் சிறுநீரையும் கல்ச்சருக்கு எடுப்பார்கள்.

பயாப்சி எடுத்த மருத்துவமனை தொலைவில் இருப்பதால், உங்களுக்கு மிக அருகில் 24 மணிநேரமும் இயங்கும் மருத்துவமனை எது என்பதை இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அரசுத் தலைமை மருத்துவமனையாக இருந்தாலும் நல்லதே. தேவைப்பட்டால் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். சோதனை முடிந்து கிளம்பும்போது, எந்தத் தேதியில், எந்த வழியாகப் பயாப்சி எடுக்கப்பட்டது, எந்த ஆன்டிபயாடிக் எத்தனை வேளை கொடுக்கப்பட்டது, மலக்குடல் கல்ச்சர் எடுத்திருந்தால் அதன் முடிவு என்ன என்பவற்றை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நள்ளிரவில் உங்கள் கணவரை முதன்முறையாகப் பார்க்கும் மருத்துவர், சரியான மருந்தை முதல் மணிநேரத்திலேயே தொடங்க அந்தத் தாள் உதவும்.